காப் பெண் குதிரைக்கு எந்தப் பொலிகுதிரை?

கேள்வி: இங்கிலாந்தில் ஹெரெஃபோர்ட்ஷயரில் இருக்கிறோம். என்னிடம் 11 வயதுக் காப் (குட்டைக் கால், கனத்த உடல் கொண்ட சவாரிக் குதிரை வகை) பெண் குதிரை ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளைத் திட்டு நிறம், 14.3 ஹேண்ட் (14 ஹேண்ட், 3 அங்குலம்; ஒரு ஹேண்ட் 4 அங்குலம்) உயரம், முழங்காலுக்குக் கீழே அடர்ந்த முடி. பாஸ்போர்ட்டில் பெற்றோர் விவரம் இல்லை. இதுவரை குட்டி போட்டதில்லை. தோள் கொஞ்சம் செங்குத்து, கழுத்து குட்டை என்று சவாரி ஆசிரியை சொல்வார். வசந்தகாலப் புல்லைக் கண்டால் உடனே பெருத்துவிடும். ஆனால் அதைப் போலப் பொறுமையான குதிரையை நான் பார்த்ததில்லை. என் 13 வயது மகள் அதில்தான் சவாரி கற்றாள். வார இறுதியில் நானும் ஏறுவேன், எனக்கு 46 வயது. மகளுக்காக இதனிடம் ஒரு குட்டி எடுக்க ஆசை. இணைக்கு விடும் ஆண் குதிரைகள், அதாவது பொலிகுதிரைகள், மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பக்கத்துப் பண்ணையில் 3 வயதுத் திட்டு நிறக் காப், கட்டணம் பெயருக்குத்தான். 16.2 ஹேண்ட் தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்), முன்பு பந்தயத்தில் ஓடியது. வேல்ஸில் ஒரு வெல்ஷ் காப், செக்‌ஷன் டி, 14.2 ஹேண்ட். பெரிய குதிரையோடு சேர்த்தால் ஈனுவதில் சிக்கல் வரும் என்கிறார் கணவர். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய மூன்றில் என் ஓட்டு வெல்ஷ் காப்புக்குத்தான். அதுவும் நேரில் போய்ப் பார்த்து, சில பரிசோதனை முடிவுகளைக் கையில் வாங்கிய பிறகு. தரோபிரெட் வேண்டாம். பக்கத்துப் பண்ணை இளங்குதிரை இந்த வருஷம் கண்டிப்பாக வேண்டாம். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாளைக்கு நான்காவதாக ஒன்று உங்கள் கண்ணில் படலாம், அப்போது இந்தக் காரணங்கள்தான் கைகொடுக்கும்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தக் கோடையில் இணை சேர்த்தால் 11 மாதம் கழித்துக் குட்டி. அப்போது உங்கள் மகளுக்கு 14 வயது. குட்டி 4 வயதாகி முதுகில் ஆள் ஏற்றும்போது அவளுக்கு 18. பல்கலைக்கழகத்துக்குப் பெட்டி கட்டும் வயது. அதற்குப் பிறகும் ஓரிரு வருஷம் அது பழகாத இளங்குதிரைதான், பழகிய கை வேண்டும். ஆக, மகளுக்காக என்று நீங்கள் எடுக்கும் குட்டியின்மேல் பெரும்பாலும் நீங்கள்தான் ஏறப் போகிறீர்கள், 50ஐத் தாண்டிய வயதில். இல்லையென்றால் அதை விற்க வேண்டியிருக்கும், முகம் தெரியாத ஒருவர் வாங்குவார். என்னிடம் குட்டி எடுப்பது பற்றிக் கேட்பவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போட்டிருப்பதில்லை. பொலிகுதிரையைப் பற்றிய எல்லா முடிவும் இதிலிருந்துதான் வர வேண்டும்.

சரி, அப்படியானால் உங்களுக்கு எப்படிப்பட்ட குட்டி வேண்டும்? என் கணிப்பில், வளர்ந்தபின் 14.2க்கும் 15.1 ஹேண்டுக்கும் இடைப்பட்ட உயரம். வயது வந்தவரைச் சுமக்கும் எலும்பு. உங்கள் குதிரையைவிடச் சற்றுச் சாய்ந்த தோள், கொஞ்சம் நீண்ட நடை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தாயின் குணம். பிரிட்டனில் இப்படி ஒரு குதிரைக்கு எப்போதும் ஆள் உண்டு. கண்காட்சிகளில் காப் வகுப்புக்கான உயரமே 148 செ.மீக்கு மேல், 155 செ.மீக்குள், அதாவது ஏறக்குறைய இதே அளவு என்றுதான் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் மேக்ஸி காப். சந்தையும் உங்கள் தேவையும் இங்கே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, அது நல்ல விஷயம்.

காப் என்பது ஓர் இனத்தின் பெயர் இல்லை, ஒரு வார்ப்பு. குட்டைக் கால், அகன்ற மார்பு, உருண்ட பின்புறம், தடித்த எலும்பு, அமைதியான புத்தி. இது ஐரிஷ் டிராஃப்ட் என்ற அயர்லாந்து வேலைக் குதிரைக் கலப்பிலும் வரும், ஜிப்ஸி மக்கள் வண்டியிழுக்க வளர்த்த வழியிலும் வரும், வேறு எத்தனையோ கலப்பிலும் வரும். வெல்ஷ் காப் மட்டும் வேறு. அதற்கு 1901இல் தொடங்கிய சங்கமும் வம்சாவளிப் பதிவேடும் உண்டு. உங்கள் குதிரையின் பெற்றோர் யாரென்று தெரியாததால், அதன் உடம்பில் நீங்கள் பார்ப்பதுதான் குட்டிக்கும் போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு பக்கம் இருட்டாக இருக்கும்போது மறுபக்கமாவது வெளிச்சத்தில் இருக்கட்டும். பதிவேட்டில் ஏறிய, அப்பன், பாட்டன், ஏற்கெனவே பிறந்த குட்டிகள் எல்லாம் தெரிந்த பொலிகுதிரையை நான் விரும்புவது அதனால்தான்.

குறைகளைச் சரிசெய்வதில் பலர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். தாய்க்குக் கழுத்து குட்டை என்றால் அளவுக்கு மீறி நீண்ட கழுத்துள்ள ஆணைத் தேடுகிறார்கள். தாய் கனமென்றால் ஆண் ஒல்லியாக இருக்கட்டும் என்கிறார்கள். இரண்டும் கலந்து நடுவில் வந்து நிற்கும் என்பது நம்பிக்கை. எப்போதும் அப்படி நடப்பதில்லை. குட்டி ஒவ்வோர் உறுப்பையும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தாயின் பெரிய தலையும் அப்பனின் மெல்லிய கழுத்தும் ஒரே உடம்பில் வந்து சேரலாம். அதே ஜோடிக்குப் பிறந்த இரண்டு குட்டிகள் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாதவை போல இருப்பதையும் பார்க்கலாம். செங்குத்தான தோளுக்கு மருந்து சரியான தோள்தான், எதிர்ப்பக்கத்துக் குறை இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே குறை இருக்கக் கூடாது. தாயிடம் எது நன்றாக இருக்கிறதோ அது அப்பனிடமும் நன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பாதி வழி தாண்டியாயிற்று.

தரோபிரெட்டை வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். அந்தக் கலப்பில் அருமையான சவாரிக் குதிரைகள் பிறந்திருக்கின்றன, மறுக்கவில்லை. அயர்லாந்தில் டிராஃப்ட் பெண் குதிரைகளைத் தரோபிரெட்டோடு சேர்த்து உலகமே தேடி வந்த வேட்டைக் குதிரைகளை உருவாக்கினார்கள். ஆனால் அங்கே தாய் வரிசை தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது, உயரமும் நடையும் ஏற்கெனவே இருந்தது. உங்கள் குதிரை குட்டையானது, கனமானது, வம்சம் தெரியாதது. முதல் கலப்பில் காப்பின் பீப்பாய் உடம்பு தரோபிரெட்டின் மெல்லிய கால்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் அந்தக் கால்கள் 10 வயதுக்குள் தொல்லை கொடுக்க ஆரம்பித்துவிடலாம்.

எலும்பை அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. முன்னங்கால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, மிக மெலிந்த இடத்தில், நாடாவைச் சுற்றுங்கள். கண்காட்சிக் காப் என்றால் இலகு வகைக்கு 8½ அங்குலம், கன வகைக்கு 9 அங்குலம் எதிர்பார்ப்பார்கள். உங்கள் குதிரையை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கால்முடியை ஒதுக்கிவிட்டு. பார்க்கப் போகும் பொலிகுதிரையையும் அளக்கக் கேளுங்கள். நல்ல பண்ணையில் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அப்புறம் அந்த தரோபிரெட் பந்தயத்தை விட்டு ஏன் வந்தது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தசைநார் காயமா, மூச்சுக் கோளாறா, வேகம் போதவில்லையா? வேகம் போதாததால் என்றால் கவலை இல்லை. மற்றவை என்றால் கவலை. குணத்திலும் கவனம் வேண்டும். 50 வயதில் நீங்கள் ஏறப் போகும் குதிரைக்குப் பந்தயக் குதிரையின் ரத்தச் சூடு தேவையில்லை.

உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம், பலருக்கும் உள்ளது. நல்ல வேளையாக, இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1938இல் வால்டன், ஹாமண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், மிகப் பெரிய ஷையர் குதிரையையும் மிகச் சிறிய ஷெட்லண்ட் போனியையும் இரு வழியாகவும் கலந்தார்கள். ஒரு பக்கம் ஷையர் தாய், ஷெட்லண்ட் அப்பன். மறுபக்கம் ஷெட்லண்ட் தாய், ஷையர் அப்பன். இணை சேர்த்தது செயற்கை முறையில். இரு பக்கக் குட்டிகளுக்கும் கலப்பு ஒன்றுதான். ஆனால் ஷையர் தாய் ஈன்ற குட்டி, ஷெட்லண்ட் தாய் ஈன்றதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடை இருந்தது. வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் முழுசாக மறையவில்லை. குட்டி வயிற்றில் எவ்வளவு வளரும் என்பதைப் பெரும்பாலும் தாயின் கருப்பைதான் தீர்மானிக்கிறது. அதனால் 16.2 ஹேண்ட் அப்பன் என்பதற்காக மட்டும் உங்கள் குதிரை ஈனும்போது தவிக்கும் என்று சொல்ல முடியாது. குதிரைகளில் பிரசவச் சிக்கல் பெரும்பாலும் வருவது குட்டியின் நீண்ட கழுத்தோ காலோ தவறான பக்கம் மடங்கிக்கொள்வதால். அது எந்த அப்பனின் குட்டிக்கும் நேரலாம். தரோபிரெட்டை நான் தள்ளுவது உடல் பொருத்தத்துக்காகத்தான், பிரசவ பயத்துக்காக இல்லை.

இனி பக்கத்துப் பண்ணை இளங்குதிரை. கட்டணம் குறைவு, நடந்தே போய்விடலாம், நிறமும் அழகு. உங்கள் மனம் அதன் பக்கம் சாய்வது புரிகிறது. ஆனால் 3 வயதில் அதன்மேல் பெரும்பாலும் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள், குட்டிகளும் இருக்காது. அது எப்படி வளரும், சவாரிக்கு எப்படிப் பழகும், எப்படிப்பட்ட குட்டியைத் தரும், எதுவும் தெரியாது. பிரிட்டனில் விதையடிக்காத எந்த ஆண் குதிரையையும் யார் வேண்டுமானாலும் இணைக்கு விடலாம். இனச் சங்கங்களின் தேர்வு முறைகள் இருக்கின்றன, ஆனால் சங்கத்துக்கு வெளியே நிற்கும் குதிரையை யாரும் சோதிப்பதில்லை. அது பரவாயில்லை என்றாலும், கால்முடி அடர்ந்த காப்புகளில் கவனிக்க வேண்டிய மூன்று பரம்பரை நோய்கள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் அதே வகையாக இருக்கும்போது அவற்றைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது.

முதலாவது குட்டிகளின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் நோய். எஃப்.ஐ.எஸ் என்பார்கள். ஃபெல், டேல்ஸ் என்ற போனி (சிறு குதிரை) இனங்களில் அறியப்பட்டது, ஜிப்ஸி காப்புகளிலும் இதன் மரபணுவைச் சுமப்பவை உண்டு. சுமக்கும் குதிரைக்கு ஒரு குறையும் இருக்காது, பார்த்தால் தெரியாது. சுமக்கும் இரண்டு சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குட்டிக்கு நோய் வரும். குட்டி பிறக்கும்போது நன்றாகவே இருக்கும், எழும், பால் குடிக்கும், ஓடும். சில வாரங்களில் ரத்தசோகையும் தொற்றும் தொடங்கும். சிகிச்சை கிடையாது. 3 மாதத்தைத் தாண்டுவதில்லை. இதற்கான மரபணுப் பரிசோதனை 2010இலிருந்து இருக்கிறது. வேரோடு பிடுங்கிய சில முடிகளை அனுப்பினால் போதும். இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய ஒரு சாவை ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது. அதனால்தான் இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று உண்டு. உங்கள் குதிரையை முதலில் சோதித்து, அது சுமக்கவில்லை என்று வந்துவிட்டால், எந்த ஆணோடு சேர்ந்தாலும் குட்டிக்கு எஃப்.ஐ.எஸ் வராது. ஆகவே பொலிகுதிரைக்காரர்களிடம் கேட்கும் முன் உங்கள் குதிரையின் முடியை அனுப்புங்கள்.

இரண்டாவது தசை நோய், பி.எஸ்.எஸ்.எம் முதல் வகை. தசையில் சர்க்கரைச் சத்து முறையில்லாமல் சேர்ந்து, வேலை செய்யும்போது உடம்பு விறைத்து, வியர்த்து, நகர முடியாமல் நின்றுவிடும். சில குதிரைகளில் அவ்வளவு கடுமையாக இருக்காது, சோம்பேறி என்று திட்டு வாங்கிக்கொண்டே காலம் தள்ளும். கனரகக் குதிரைகளில் பரவலாக இருக்கிறது, காப்புகளிலும் உண்டு. இதற்கு ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், குட்டிக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதற்கும் அதே முடிப் பரிசோதனைதான், இரண்டையும் சேர்த்தே அனுப்பலாம். உங்கள் குதிரைக்கு இது இருப்பதாக வந்தால் குட்டி எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. தீனியையும் வேலையையும் சீராக வைத்தால் அதுவே நல்லபடி வாழும், அடுத்த தலைமுறைக்கு அதைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

மூன்றாவதுக்கு மரபணுப் பரிசோதனை இல்லை, கண்ணும் கையும்தான் பரிசோதனை. கால்முடி அடர்ந்த இனங்களில் வரும் நாள்பட்ட நிணநீர் வீக்கம், சி.பி.எல். முடிக்கு அடியில் தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகி, முடிச்சுகள் கிளம்பி, வருஷத்துக்கு வருஷம் மோசமாகும். குணமாக்க முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும். குடும்பத்தில் ஓடும் என்பதில் சந்தேகமில்லை. உங்கள் குதிரையின் கால்முடியை ஒருமுறை முழுசாக மழித்துவிட்டுப் பாருங்கள். அழகு போய்விடுமே என்று தயங்காதீர்கள், வளர்ந்துவிடும். முழங்காலுக்குப் பின்னால் செதில் செதிலாகப் பொருக்கு இருக்கிறதா, குளம்புக்கு மேலே பாதக்குழியில் தோல் மடிப்பு விழுகிறதா, காலை விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா, கட்டை போல இருக்கிறதா என்று தடவிப் பார்த்து உங்கள் மருத்துவரையும் பார்க்கச் சொல்லுங்கள். 11 வயதுக்குள் அது வந்திருந்தால் அடையாளம் தெரியும். இருந்தால், அதே போலக் கால்முடி நிறைந்த ஆணோடு சேர்ப்பதை மறந்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி இரண்டு வரி. உங்கள் குதிரையின் திட்டு நிறம் ஒரு பிரதி மரபணு இருந்தாலே வெளியே தெரியும் வகை. ஒரே பிரதி இருந்தால், எந்த நிற ஆணோடு சேர்ந்தாலும் குட்டிக்குத் திட்டு வர குறைந்தது பாதி வாய்ப்பு. நிறத்துக்காக ஆணைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது வெல்ஷ் காப். ஏன் அது? செக்‌ஷன் டி என்றால் 13.2 ஹேண்டுக்கு மேற்பட்ட வெல்ஷ் காப். உங்கள் குதிரைக்கு உயரத்தில் ஏறக்குறைய சமம் என்பதால் குட்டியும் நீங்கள் விரும்பும் அளவிலேயே நிற்க வாய்ப்பு அதிகம். எலும்பு உண்டு. நல்ல வெல்ஷ் காப்புக்குத் தோள் சாய்ந்திருக்கும், முழங்காலைத் தூக்கி, முன்னால் வீசி நடக்கும். உங்கள் குதிரையிடம் இல்லாதது அதுதான். காலில் பட்டுப் போன்ற முடி அளவாக இருந்தால் இன விதி ஏற்றுக்கொள்ளும், கரடுமுரடான முடி குறையாகவே கருதப்படும். எனவே கால்முடிப் பிரச்சினையை இரட்டிப்பாக்கும் ஆபத்தும் குறைவு. இன்னொரு நடைமுறை லாபம்: வெல்ஷ் ரத்தம் 12.5 சதவீதம் இருந்தாலே கலப்புக் குட்டிகளுக்கான பதிவேட்டில் சேர்க்கலாம். உங்கள் குட்டிக்கு 50 சதவீதம் இருக்கும். தாய்க்கு வம்சாவளி இல்லாவிட்டாலும் குட்டிக்கு ஒரு காகிதம் கிடைக்கும். என்றாவது விற்க நேர்ந்தால், வம்சம் தெரியாத திட்டுக் காப் என்று ஏலத்தில் தொலைந்துபோகாமல் இருக்க அந்தக் காகிதம் உதவும்.

குறையையும் சொல்ல வேண்டும். வெல்ஷ் காப்புகளில் சில தீ மாதிரி இருக்கும். கண்காட்சி வளையத்தில் அந்தத் துடிப்புக்குத்தான் கைதட்டல். ஜூலையில் லானெல்வெத்தில் நடக்கும் ராயல் வெல்ஷ் ஷோவில் செக்‌ஷன் டி ஆண் குதிரைகள் ஓடும்போது கூட்டம் எழுப்பும் சத்தத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு எட்டிய தூரம்தான். ஆனால் உங்கள் குட்டிக்கு வேண்டியது வளையத்து நெருப்பு இல்லை. ஆகவே கோப்பை வென்ற பொலிகுதிரை என்று விளம்பரத்தில் பார்த்தால் மயங்காதீர்கள். சவாரிக்கோ வண்டிக்கோ பழகி, அந்த வேலையை அமைதியாகச் செய்யும் பொலிகுதிரையாக இருந்தால் அதற்கு நான் இரண்டு மடங்கு மதிப்பெண் கொடுப்பேன்.

இரண்டாவது குறை உடல் வாகு. உங்கள் குதிரை புல்லைப் பார்த்தாலே பெருக்கும் என்றீர்கள். வெல்ஷ் இனமும் அப்படித்தான், மலைப்புல்லில் பிழைத்த உடம்பு. இரண்டும் சேரும்போது குட்டி வாழ்நாள் முழுக்க எடையைக் கட்டுப்படுத்த வேண்டிய குதிரையாகத்தான் இருக்கும். லாமினைட்டிஸ் என்கிற குளம்பு அழற்சி பொலிகுதிரைக்கோ அதன் தாய்க்கோ குட்டிகளுக்கோ வந்திருக்கிறதா என்று கேளுங்கள். கோடையில் பூச்சிக்கடி ஒவ்வாமையால் பிடரியைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கும் வழக்கம் குடும்பத்தில் உண்டா என்றும் கேளுங்கள். இரண்டிலும் பரம்பரையின் பங்கு உண்டு.

இந்தக் குதிரை நேரில் ஏமாற்றினால் வேறு எங்கே தேடுவது? குணம்தான் முதல் என்றால் ஐரிஷ் டிராஃப்ட். குட்டி கொஞ்சம் உயரமாகும், மேக்ஸி காப் அளவுக்குப் போகலாம், ஆனால் அந்த இனத்தின் பொறுமை பெரிய சொத்து. இலகுவான நடை வேண்டும் என்றால் கானமாரா என்ற ஐரிஷ் போனி இனம். அதற்குக் குளம்புச் சுவர் பிளந்துபோகும் ஒரு மரபணு நோய் உண்டு, பரிசோதனையும் உண்டு. உங்கள் குதிரையிடம் அந்த மரபணு இருக்க வாய்ப்பு குறைவு, இருந்தாலும் பண்ணைக்காரர் சோதித்திருக்கிறாரா என்பது அவர் எப்படிப்பட்டவர் என்பதைக் காட்டும்.

பொலிகுதிரையைப் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியவை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் லாயத்திலிருந்து அதை வெளியே எடுக்கும்போதே அங்கே இருங்கள். யார் பிடித்து வருகிறார்கள், எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள், வாயில் சங்கிலி போட்டால்தான் அடங்குகிறதா என்று கவனியுங்கள். ஆண் குதிரை கனைக்கும், நிமிரும், அது இயல்பு. மனிதரை மதிக்கிறதா என்பதுதான் கேள்வி. சமதளத்தில், கெட்டியான தரையில், உங்களை நோக்கியும் உங்களை விட்டு விலகியும் நடக்கச் சொல்லுங்கள், பிறகு ஓடச் சொல்லுங்கள். குளம்பைத் தூக்கிப் பாருங்கள். லாடம் இல்லாமலே நல்ல குளம்பு இருந்தால் நல்லது. மேல்பல் கீழ்ப்பல்லோடு பொருந்துகிறதா, இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அதற்காகத்தானே போகிறீர்கள்.

இதைவிட முக்கியம் அதன் குட்டிகள். குறிப்பாகக் காப் தாய்களுக்குப் பிறந்த குட்டிகள். வெல்ஷ் தாய்க்குப் பிறந்த சாம்பியனின் படத்தைக் காட்டினால் அது உங்கள் குட்டியைப் பற்றி அதிகம் சொல்லாது. காப் தாய்க்குப் பிறந்து இப்போது 5, 6 வயதில் சவாரியில் இருக்கும் ஒன்றையாவது பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அதன் சொந்தக்காரரிடம் ஒரே கேள்வி போதும்: முதல் முறை முதுகில் ஏறியபோது எப்படி இருந்தது? பொலிகுதிரையின் தாய் உயிரோடு இருந்தால் அதையும் பாருங்கள். பல முறை அப்பனைவிட அந்தப் பாட்டியிடம்தான் குட்டியின் எதிர்காலம் தெரியும்.

நோய்ச் சான்றுகளில் விட்டுக்கொடுக்காதீர்கள். இணைசேரும்போது பரவும் சி.இ.எம் என்ற பாக்டீரியா நோய் 1977இல் இங்கிலாந்தின் குதிரைப் பந்தய ஊரான நியூமார்க்கெட்டில்தான் முதன்முதலில் தெரியவந்தது. அந்த அனுபவத்திலிருந்து வந்தவைதான் இன்று பிரிட்டனில் நல்ல பண்ணைகள் பின்பற்றும் நடைமுறை விதிகள். பருவம் தொடங்கும் முன் பொலிகுதிரையிடம் அதற்கும், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் கிருமிகளுக்கும் ஸ்வாப் (பஞ்சில் ஒற்றி எடுக்கும் மாதிரி) எடுத்திருக்க வேண்டும். இ.வி.ஏ என்ற வைரஸுக்கு ரத்தப் பரிசோதனை. அந்த வைரஸ் வந்த ஆண் குதிரை வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே வருஷக்கணக்கில் விந்தில் அதைப் பரப்பலாம். நல்ல பண்ணை உங்கள் குதிரைக்கும் இதே சான்றுகளைக் கேட்கும். கேட்காத பண்ணை உங்களுக்கு முன்னால் வந்த குதிரைகளிடமும் கேட்டிருக்காது.

நேரடி இணைசேர்க்கையா, சினை ஊசியா? குளிரூட்டிய விந்து 24 முதல் 48 மணி நேரம் தாங்கும், பயணம் மிச்சம். மருத்துவர் அடிக்கடி வந்து ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும், அதன் செலவு சில சமயம் பொலிக்கட்டணத்தையே தாண்டும். உறைய வைத்த விந்து வேண்டாம். கருமுட்டை வெளிவரும் நேரத்தை மணிக்கணக்கில் பிடிக்க வேண்டும், சினைபிடிக்கும் விகிதமும் குறைவு. பண்ணை அருகில், ஆட்கள் அனுபவசாலிகள் என்றால், கையில் பிடித்துச் செய்யும் நேரடி இணைசேர்க்கையே உங்களுக்குப் போதும். மேய்ச்சலில் சும்மா சேர்த்துவிடுகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். இதுவரை ஆணையே பார்த்திராத 11 வயதுக் குதிரை உதைத்தால் இரண்டுக்கும் காயம்.

அந்த 11 வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் குட்டிக்கு இது பிந்திய வயது, முடியாத வயது இல்லை. வயதான முதல்சினைக் குதிரைகளில் சிலவற்றுக்குக் கருப்பை வாய் சரியாகத் தளராது, உள்ளே நீர் தங்கும், கரு நிற்காது. கட்டணம் கட்டும் முன் மருத்துவரை வைத்துக் கருப்பையை ஸ்கேன் செய்துவிடுங்கள். கூடவே இன்சுலின் அளவுக்கு ரத்தப் பரிசோதனை. பெருத்த குதிரை சினையானபின் பட்டினி போட்டு இளைக்க வைப்பது ஆபத்து, ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிரே போகலாம். இளைக்க வேண்டியதை இணைசேர்க்கும் முன்பே, மெதுவாக இளைத்துவிட வேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்ட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. குளம்பு அழற்சி ஏற்கெனவே வந்திருந்தால் இந்தத் திட்டத்தையே மறுபடி யோசிக்க வேண்டும், அதைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை.

காலம்: ஜூனில் சேர்த்தால் மே மாதம் குட்டி. இதமான வெயில், தாய்க்குப் பால் ஊற நல்ல புல். கருமுட்டை வெளிவந்த 14 முதல் 16 நாளுக்குள் முதல் ஸ்கேன் கட்டாயம். இரட்டைக் கரு இருந்தால் அந்த நாட்களில்தான் ஒன்றை எளிதாக அகற்ற முடியும். குதிரையால் இரட்டையைச் சுமக்க முடிவது மிக அரிது, பெரும்பாலும் இரண்டும் போய்விடும்.

உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், இருந்தாலும் சொல்கிறேன். இந்தக் குதிரையின் குணத்தை இன்னொரு முறை பெற வேண்டும் என்பதே உங்கள் உண்மையான ஆசை என்று கடிதத்தில் தெரிகிறது. குட்டி அதன் பிரதியாக இருக்காது. பாதிதான் அதனுடையது. பிரிட்டனின் விலங்குக் காப்பகங்களில் வீடு தேடி நிற்கும் குதிரைகளில் திட்டு நிறக் காப்புகள் ஏராளம். 2, 3 வயதில், குணம் ஓரளவு வெளியே தெரிந்த ஒன்றை அங்கே எடுத்து வளர்ப்பது, பொலிக்கட்டணமும் மருத்துவரும் 4 வருஷத் தீனியும் போடுவதைவிட மலிவு, தாய்க்கும் ஆபத்தில்லை. குடும்பமாக ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் இதன் குட்டிதான் வேண்டும் என்றால், தயங்காமல் செய்யுங்கள். நான் எழுதியதெல்லாம் அந்தக் குட்டி நன்றாகப் பிறந்து நன்றாக வாழ வேண்டும் என்பதற்காகத்தான்.

வெல்ஷ் பண்ணையோடு பேசும்போது எழுத்தில் வாங்க வேண்டியவை: கட்டணம் எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும், அங்கே தங்கும் நாட்களுக்கு எவ்வளவு, சினை நிற்காவிட்டால் அடுத்த பருவம் இலவசமா, குட்டி உயிரோடு பிறக்காவிட்டால் என்ன. வாய்வார்த்தை பின்னால் கைகொடுக்காது. இணைசேர்த்த தேதிகளோடு சான்றிதழ் வாங்க மறக்காதீர்கள், அது இல்லாமல் கலப்புப் பதிவேட்டில் குட்டியைச் சேர்க்க முடியாது. குட்டிக்கு மைக்ரோசிப்பும் பாஸ்போர்ட்டும் சட்டப்படி கட்டாயம்.

இந்த வாரம் பிடரியிலிருந்து 30, 40 முடிகளை வேரோடு பிடுங்கி, எஃப்.ஐ.எஸ், பி.எஸ்.எஸ்.எம் இரண்டுக்கும் அனுப்புங்கள். கால்முடியை மழியுங்கள். முடிவுகளும், காலின் நான்கு படங்களும், பக்கவாட்டில் நேராக நிற்க வைத்து எடுத்த ஒரு முழுப் படமும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை எந்தப் பண்ணைக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.